ஆகாசம், கிழங்கு, கோழி

நான் வேலை மாறியதைக் கேட்டு என் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நுவரெலியா கோல்ப் மைதானத்தில் கேடியாகச் சேர்ந்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். அவருக்குத் தெரிந்த கேடி, பொலிஸ்காரர்கள் தேடுகிற ஆள். "நல்லா பேக்டரில இருந்த மனுசன், இப்ப கேடியாயிட்டாராம்" என்று தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் வீடு வீடாகப் போய் அழுதிருக்கிறார். விளையாடுகிறவரின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடக்கிற ஆளுக்கும் அதே பெயர்தான் என்று என் மனைவி விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு போட்டார்.

நாடு சுதந்திரமடைந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு இருபத்தாறு வயது. நானுஓயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பேக்டரியின் தூள் சலிக்கிற அறையில் வேலை. அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்கவே இல்லை. வெளிக்காற்றில் வேலை தேடிக்கொள் என்றார் டாக்டர். தோட்டத்தில் வெளிவேலைக்கு அப்போது ஆள் எடுக்கவில்லை. காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போய், மைதானத்தின் ஓரத்திலிருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற இருபது பேரில் நானும் ஒருவனானேன். எல்லாரும் குடும்பக்காரர்கள். தமிழர், சிங்களவர், இரண்டு முஸ்லிம்கள்.

கொட்டகையில் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. விளையாட வருகிற துரைமார் செய்கிற தப்புகளுக்கு நாங்கள் பெயர் வைத்திருந்தோம். பந்தை அடிப்பதற்கு முன்பே அது எங்கே போகிறது என்று தலையைத் தூக்கிப் பார்ப்பவர் 'ஆகாசம்'. பந்துக்கு ஒரு சாண் முன்னாலேயே மண்ணை வெட்டி எறிகிறவர் 'கிழங்கு'. உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்ததால் அந்தப் பெயர் தானாகவே வந்தது. மட்டையை விரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பவர் 'கோழி'. தப்பி ஓடப் பார்க்கிற கோழியின் கழுத்தைப் பிடித்தது போலிருக்கும். புது ஆள் ஒருவர் ஆரம்ப மேட்டில் ஏறி நின்றால் கொட்டகையிலிருந்து மெல்லிய குரலில் "கோழி" என்று ஒருவர் சொல்வார். "இல்ல, ஆகாசம்" என்பார் இன்னொருவர். முதல் அடி முடிந்ததும் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

இதில் நான்தான் கெட்டிக்காரன். ஒருவர் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பேக்டரியில் தூளைக் கையில் அள்ளிப் பார்த்து இது எந்தச் சல்லடையில் தங்கும் என்று சொல்லிப் பழகிய கண். அது பந்தாட்டத்துக்கும் உதவியது.

எங்களில் நன்றாக விளையாடத் தெரிந்தவன் ஒரு சிங்களத் தோழன். டவுனின் விளிம்பில் மரக்கறித் தோட்டம் வைத்திருந்தான். எங்களைப் போலவே தமிழ் பேசுவான். ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு, யாரோ விட்டுப்போன பழைய மட்டையால் அவன் ஒரு பந்தை அடித்தால் அது புறா போலக் கிளம்பிப் போகும். ஆனால் அவனுக்கு ஒரு தப்பின் பெயரும் சொல்லத் தெரியாது. "அந்தத் துரை ஏன் மச்சான் கோணலா அடிக்கிறாரு?" என்று கேட்டால், "எனக்கு எப்படித் தெரியும்? நான் பந்தைத்தானே பாக்குறேன்" என்பான்.

நான் சேர்ந்த இரண்டாவது வருஷம் ஒரு துரைசாணி வந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய துரையுடைய மனைவி. நாற்பது வயதிருக்கும். உடம்புக்கு நடை வேண்டும் என்று யாரோ சொல்லி, புதன்கிழமைதோறும் காரில் வர ஆரம்பித்தார். அவருடைய பை எனக்கு வந்தது. தோட்டத்துத் துரைமாருக்கென்று அச்சடித்த ஒரு தமிழ்ப் புத்தகத்திலிருந்து அவர் தமிழ் படித்திருந்தார். அந்தப் புத்தகத்தில் கட்டளையைத் தவிர வேறொன்றும் இல்லை போலும்.

முதல் நாள் ஆரம்ப மேட்டில் பந்தை வைத்து, மட்டையை ஓங்கி வீசிவிட்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்துத் தூரத்து மரங்களைப் பார்த்தார்.

"நீ! பந்து எங்கே? சொல்லு!"

"இங்கதாங்க தொரசாணி இருக்கு."

"எங்கே?"

"உங்க காலுகிட்டங்க."

பந்து வைத்த இடத்திலேயே இருந்தது. கொட்டகையில் இருமல் சத்தம் கேட்டது. சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்கள். மற்ற துரைமாராக இருந்தால் மட்டையைத் தரையில் குத்தியிருப்பார்கள், அல்லது நான் பையை அசைத்ததால் கவனம் கெட்டது என்று சொல்லியிருப்பார்கள். இவர் பந்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன்?"

யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லக் கூடாது என்பது கொட்டகையின் வழக்கம். ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"தலயத் தூக்கிட்டீங்க. அடிக்க முன்னாடியே பாத்துட்டீங்க."

"நல்லது. இனி நான் தப்பு செய். நீ சொல்லு. எல்லாம் சொல்லு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மூன்று வருஷம், புதன்கிழமைதோறும் அவர் தப்புகளைச் சொல்வது என் வேலை. அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி முளைத்தது. தப்புகள் எந்த வரிசையில் போகின்றன? எல்லாருக்கும் ஒரே வரிசைதானா? அவரைப் பார்த்தது போலவே அந்த நாட்களில் புதிதாகச் சேர்ந்த மற்றவர்களையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் போவது கோழி. அது புத்தியால் போவதில்லை, கொப்புளத்தால் போகிறது. கை எரிகிறபோது பிடி தானாகத் தளர்கிறது. அதற்கடுத்துக் கிழங்கு போகும். ஆனால் ஒரே நாளில் போகாது. மழைக்குப் பிறகு திரும்பி வரும், விருந்தாளி கூட வந்தால் திரும்பி வரும். ஆகாசமும் அப்படித்தான். பலத்தையெல்லாம் திரட்டி அடிப்பது ஆண்களுக்கு மெதுவாகத்தான் போகும், சிலருக்குப் போகவே போகாது. குழிக்குப் பக்கத்தில் வந்து பந்தை மெல்லத் தட்டும்போது பயந்து குறைவாகத் தட்டுவது, ஒரு மோசமான அடிக்குப் பிறகு அந்தக் கோபத்தை அடுத்த மூன்று குழிக்கும் சுமந்துகொண்டு போவது, மரங்களுக்குள் விழுந்த பந்தைப் பக்கவாட்டில் எடுத்துவிடாமல் கிளைகளுக்கு நடுவே சாகசம் பண்ணப் பார்ப்பது, இவையெல்லாம் அதற்கும் பிறகு. மற்றவர் மேல் பழி சொல்வது குறைந்ததை வைத்தே ஒருவர் முன்னேறிவிட்டார் என்று சொல்லிவிடலாம். நன்றாக ஆடுகிறவர்கள் தப்பு செய்தால் பேசாமல் நடப்பார்கள்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது ஓடை. ஆறாவது குழிக்கு முன்னால் ஒரு சின்ன ஓடை குறுக்கே ஓடியது. நல்ல பலசாலி ஒருவர் நன்றாக அடித்தால் மட்டுமே ஒரே அடியில் தாண்டும். மற்றவர்கள் இந்தப் பக்கம் நிறுத்தி, அடுத்த அடியில் தாண்டுவதுதான் புத்திசாலித்தனம். துரைசாணிக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அந்த இடத்துக்கு வந்ததும், தூரமாக அடிக்கிற பெரிய மர மட்டைக்குக் கை நீட்டுவார்.

"இந்தப் பக்கமே நிப்பாட்டிடுங்க, தொரசாணி."

"இன்னைக்குப் போகும்."

பந்து ஓடையில் விழும். ஒரு வருஷம் முழுக்க விழுந்தது. பிறகு ஒரு புதன்கிழமை அவர் என்னைப் பார்க்காமலே சின்ன இரும்பு மட்டையை எடுத்தார். பந்தை இந்தப் பக்கம் நிறுத்தினார், அடுத்த அடியில் தாண்டினார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"இன்னைக்கு என்னங்க, ஏன் பெரிய மட்ட கேக்கல?"

அவர் நின்று யோசித்தார். "தெரியாது. இன்னைக்கு ஆசை வரல."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஐம்பது வாரம் நான் சொல்லிக் கேட்காதவர், யாரும் சொல்லாத ஒரு நாளில் நிறுத்திவிட்டார். இடையில் என்ன நடந்தது?

இதற்குள் என் தலையும் கொஞ்சம் கனத்துவிட்டது. மூன்று வருஷத்தில் இந்த ஆட்டத்தின் தப்புகள் அத்தனையும் எனக்கு அத்துபடி. தெரிந்த தப்பை ஒருவன் ஏன் செய்வான் என்று நினைத்துக்கொண்டேன். வருஷத்துக்கு ஒரு நாள், பெரிய போட்டி முடிந்த மறுநாள், கேடிமார் விளையாட மைதானத்தை விடுவார்கள். அதுவரை நான் அதில் சேர்ந்ததில்லை. மட்டை இரவல் வாங்கக் கூச்சம். அந்த வருஷம் சேர்ந்தேன். அதைக் கேள்விப்பட்ட துரைசாணி தன் பையையே எடுத்துக்கொள்ளச் சொன்னதோடு, "நான் வந்து பாக்கிறேன்" என்றும் சொன்னார். சொன்னபடியே தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

ஆரம்ப மேட்டில் ஏறினேன். பத்தொன்பது பேர் கொட்டகை வாசலில் நின்றார்கள். பந்தைக் குனிந்து பார்த்தால் அது இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மட்டையைப் பிடித்தேன். விரல்கள் வெளுத்திருந்தது எனக்கே தெரிந்தது. "கோழி" என்று ஒரு குரல் கேட்டது. தளர்த்த வேண்டும் என்று நினைத்தேன், கை கேட்கவில்லை. ஓங்கி வீசினேன், தலையைத் தூக்கித் தூரத்து மரங்களைப் பார்த்தேன். மரங்களுக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது.

பந்து பத்தடி தள்ளிப் புல்லில் கிடந்தது. இந்தத் தடவை யாரும் இருமவில்லை. வெளிப்படையாகவே சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று குழிகளில் கிழங்கு தோண்டினேன். ஒரு மரத்துக்குப் பின்னால் விழுந்த பந்தைக் கிளைகளுக்கு நடுவே அடித்தேன், அது திரும்பி வந்து என் முழங்காலில் பட்டது. ஆறாவது குழி வந்தது. ஓடையைப் பார்த்தேன். இந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே என் கை பெரிய மர மட்டையை உருவியது. அதை இன்றைக்கும் என்னால் விளக்க முடியாது. தண்ணீரில் விழுந்தது. இன்னொரு பந்து வைத்தேன், அதுவும் விழுந்தது. மூன்றாவதும் விழுந்த பிறகு துரைசாணி பக்கத்தில் வந்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. முதல் நாள் தன் காலடியில் கிடந்த பந்தைப் பார்த்த அதே ஆர்வம்தான் இருந்தது.

"உங்களுக்குத் தெரியும். ஆனா செஞ்சீங்க. ஏன்?"

அவர் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தோட்டத்துப் பெண்களோடு பேசிப் பேசிப் புத்தகத் தமிழ் அவரிடமிருந்து கழன்றுகொண்டிருந்தது.

"தெரியலைங்க, தொரசாணி" என்றேன். அவமானத்தை விட ஆச்சரியம்தான் எனக்கு அதிகமாக இருந்தது.

இருபது பேரில் இருபதாவதாக வந்தேன். தோழன் முதலாவது.

அடுத்த வாரமே, காம்பு உடைந்து தூக்கி எறியப்பட்ட ஒரு இரும்பு மட்டையைக் கேட்டு வாங்கி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தின் ஓரத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, வேலை முடிந்து வந்ததும் பொழுது சாயும் வரை அதை நோக்கி அடிப்பேன். என் மனைவி கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கால் கழுவிக்கொண்டே பார்ப்பாள். ஒரு நாள் கேட்டாள்:

"ஏங்க, அந்தச் சாக்கு எங்கயும் ஓடிப்போவுதா?"

"ஏன் புள்ள?"

"அடிக்க முந்தியே அதயே பாக்குறீங்களே."

அவள் அந்த விளையாட்டை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எங்கள் கொட்டகைப் பெயர்களும் அவளுக்குத் தெரியாது. ஒரே பார்வையில் ஆகாசத்தைப் பிடித்துவிட்டாள்.

"எனக்குந் தெரியுது. நிறுத்தத்தான் முடியல" என்றேன்.

"நானும் அப்புடித்தான் இருந்தேன். புதுசா மலைக்குப் போனப்ப, கொழுந்தப் பின்னால கூடையில போட்டுட்டு, உள்ள விழுந்துச்சான்னு திரும்பித் திரும்பிப் பாப்பேன். கங்காணி கத்துவாரு. பாக்கக் கூடாதுன்னு நெனச்சா இன்னும் திரும்பும்."

"அப்பறம் எப்புடி நிப்பாட்டுன?"

அவள் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "நான் எங்க நிப்பாட்டுனேன்? ஒரு நாளு பக்கத்து நெரயில ஒரு புதுப் புள்ள திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. அடி, நானும் இப்புடித்தானே பாத்தேன், இப்பப் பாக்குறதில்லையேன்னு அப்பத்தான் தெரிஞ்சது. எப்ப நின்னுச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும்."

அதன் பிறகு நான் சாக்கை அவிழ்த்துவிட்டேன். வெறும் களத்தில் பந்தை வைத்து அடித்தேன். அடித்தபின் அது கிடந்த இடத்தில் இருக்கிற புல்லையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பந்தைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தேயிலைச் செடிகளுக்குள்ளிருந்து எடுத்துத் தருவார்கள். என் மாமியார் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கேடிமார் போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால் துரைசாணி சீமைக்குப் போய்விட்டார். அவர் கணவர் ஓய்வு பெற்றார். கடைசிப் புதன்கிழமை மிக நன்றாக ஆடினார். ஆனால் முன்பு போலச் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இப்ப என் தப்பெல்லாம் சின்னதுங்க. எல்லா வாரமும் அதே சின்னது. பெரிய தப்புலதான் சிரிப்பு வரும்."

காரில் ஏறுவதற்கு முன் கை குலுக்கினார். அந்த மைதானத்தில் யாரும் ஒரு கேடியோடு கை குலுக்கி நான் பார்த்ததில்லை. அவர் இல்லாத புதன்கிழமைகள் எனக்குக் கொஞ்ச காலம் நீளமாக இருந்தன.

போட்டி நாளில் என்னைத் தோழனோடு சேர்த்துவிட்டார்கள். ஆறாவது குழியில் அவன் ஒரே அடியில் ஓடையைத் தாண்டினான். என் முறை வந்தது. பின்னாலிருந்து "பெரிய மட்ட! பெரிய மட்ட!" என்று குரல் கொடுத்தார்கள். நான் சின்ன இரும்பை எடுத்தேன். கட்டுப்படுத்திக்கொண்டேன் என்று சொன்னால் பொய். பெரிய மட்டை பையில் இருப்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. தாண்டிப் போய் நின்ற பிறகுதான் அது உறைத்தது. அந்த வருஷம் நான்காவதாக வந்தேன். தோழன் மறுபடியும் முதலாவது.

அன்று கொட்டகையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது தோழன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சான், நீதான் எல்லாருடைய தப்பும் சொல்லுவியே. எனக்கு என்ன தப்பு?"

"உனக்கு ஒன்னுமில்ல."

"சும்மா சொல்லு. ஒன்னாவது இருக்குமே."

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான்காவதாக வந்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "அடிக்கிறப்ப வலது தோள் கொஞ்சம் எறங்குது" என்றேன்.

"அப்படியா?" என்று தன் தோளைத் திரும்பிப் பார்த்தான்.

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவனால் பந்தை அடிக்க முடியவில்லை. மாலையில் எல்லாரும் போன பிறகு மட்டையை எடுப்பான், தோளை நினைப்பான், பந்து கோணலாகப் போய்க் கிழங்குத் தோட்டத்தில் விழும். தோளைத் தூக்கினால் முழங்கை போயிற்று. முழங்கையைச் சரி செய்தால் கால் போயிற்று. இரண்டு வாரத்தில் கோழி, கிழங்கு, ஆகாசம் என்று நாங்கள் சிரித்த அத்தனையும் அவனிடம் வந்து சேர்ந்தன. அதற்கு முன் அவனிடம் அவை இருந்ததே இல்லை.

"ஐயோ மச்சான், நீ என்னமோ செஞ்சிட்ட எனக்கு" என்றான். கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பேன். குழம்பிப்போய்ச் சொன்னான்.

நான் பதறிப்போனேன். தோள் சரியாகத்தான் இருக்கிறது, நான் சொன்னது பொய் என்றேன். அவன் நம்பவில்லை. தோளை மறந்துவிடு என்றேன். மறக்கச் சொன்னால் யாருக்கு மறக்கும்? தப்பைத் தெரிந்து வைத்திருப்பதால் எனக்கு ஒரு நன்மையும் வரவில்லை என்பதை முதல் போட்டியில் பார்த்தேன். அந்த அறிவை இன்னொருவனுக்குக் கொடுத்தால் அவனுக்குக் கெடுதலும் வரும் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒரு மாதம் போனது. ஒரு பிற்பகல், இரண்டு துரைமாரின் பைகளைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருவரும் ஒன்பதாவது குழிக்கு வந்தபோது மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. துரைமார் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கிளப்புக்குப் போனார்கள். பனிக்குள் காணாமல் போன இரண்டு பந்துகளைத் தேடி எடுத்து வரும்படி எங்களிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்று கிடைத்தது. மற்றதைத் தேடிக் கொஞ்ச நேரம் அலைந்தோம். தோழன் கிடைத்த பந்தைப் புல்லில் போட்டுவிட்டு, சும்மா நிற்க முடியாமல், தன் தோளிலிருந்த பையிலிருந்து ஒரு மட்டையை உருவினான்.

"எங்க அடிக்கப் போற? ஒன்னுந் தெரியலயே" என்றேன்.

"அதான். எங்க போனா என்ன?" என்றான்.

வீசினான். மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. ஒரு மாதமாகக் கேட்காத சத்தம். காய்ந்த குச்சி முறிந்தது போலச் சுத்தமாக இருந்தது. பந்து வெள்ளைக்குள் போய் மறைந்தது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை மட்டும் நீட்டி நின்றோம். சில நொடிகள் கழித்து, எங்கேயோ தொலைவில், மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது.

"போச்சு மச்சான்!" என்றான். "நேராப் போச்சு!"

"எப்புடிச் சொல்ற? தெரியலயே."

"கேட்டுச்சே."

தோளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சத்தம் வந்த திசையில், இரண்டாவது பந்தும் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே இருவரும் பனிக்குள் நடந்தோம்.